மொடமொடப்பு

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் கிண்டல் ஒன்று உண்டு. மரமில்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் சாமி மட்டும் 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டார். மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. ராஜா இல்லாததால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மரமில்லாத மலையும் தண்ணீர் இல்லாத ஆறும்தான் முப்பத்தேழு வருஷம் என்னைப் படுத்தி எடுத்தன. ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை. பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். பாலாறு என்று பெயருக்கு ஒரு மணல்வெளி. கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கத்திரி பிறந்தால் 42, 43 டிகிரி என்பது எங்கள் ஊரில் செய்தியே இல்லை.

அந்த ஊரில் 1987 ஏப்ரல் கடைசியில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வயது 23. வேலைக்கான உத்தரவு வந்த அன்று அப்பா ஸ்வீட் வாங்கி வந்தார். அம்மா பீரோவைத் திறந்து சேலைகளை எண்ணினாள். கல்லூரிக்குப் பாவாடை தாவணியில் போய் வந்தவள் நான். அம்மாவின் பழைய சேலைகளையும் சேர்த்து, ஆபீசுக்குக் கட்டக்கூடியவை ஏழு தேறின. ஏழும் நூல் சேலை.

அம்மா குடியாத்தத்துக்காரி. தாத்தா லுங்கி நெய்தவர். அங்கே விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அந்தத் தெருவில் வளர்ந்தவளுக்கு நூலைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபீசுக்கு நூல் சேலைதான், அதுவும் கஞ்சி போட்டுத்தான் என்பது எங்கள் வீட்டில் விவாதமே இல்லாமல் முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கஞ்சி நாள். வடித்த கஞ்சியை ஒரு பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு சொட்டு நீலம் விடுவாள். சேலை முழுக்க இதில் ஒரு முக்கு. பிறகு பாத்திரத்தில் மிச்சமிருக்கும் கெட்டிக் கஞ்சியில் முந்தானையையும் கொசுவம் வரும் பகுதியையும் மட்டும் மறுபடி ஒரு முக்கு. ஏன் இப்படி இரண்டு பதம் என்று கேட்டேன். "வெளியில தெரியற இடம் வெறைப்பா நிக்கணும். ஒடம்பச் சுத்தற இடத்துல கஞ்சி கெட்டியா இருந்தா நூல் கண்ண அடைச்சுக்கும். காத்து எங்கேருந்து வரும்?" என்றாள். நான் பி.எஸ்சி. இயற்பியல். எனக்கு இது தோன்றியிருக்கவில்லை.

முறுக்கிப் பிழியக் கூடாது. உதறி, நிழலில் காயப்போட வேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து, ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறு முனையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு எங்கள் கொல்லை போதாது. அடுப்படிக்குள் ஒரு கால் வைத்தபடி இழுப்பேன். "இழு... விடாத... இப்போ மடி." எதிரெதிரே நடந்து வந்து விரல்கள் தொட்டுக்கொள்ளும்போது ஒரு மடிப்பு முடியும். காய்ந்த சேலையில் அன்று முழுக்கச் சோற்று வாசனை லேசாக அடிக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

அதற்கப்புறம் இஸ்திரி. தெருமுனை வேப்பமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். தேய்ப்புக்கார அண்ணன். இடுப்பில் லுங்கி, தலையில் துண்டு, மேலுக்கு ஒன்றும் கிடையாது. அவருடைய பித்தளைப் பெட்டியை ஒருநாள் விளையாட்டாகத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் முடியவில்லை. கரியோடு சேர்த்து ஆறேழு கிலோ இருக்கும். தொட்டாங்குச்சிக் கரிதான் போடுவார். பொறி பறக்காது என்பார். விரல் நுனியில் தண்ணீர் தொட்டுப் பெட்டியின் அடியில் தெளிப்பார். 'சுர்' என்றால் டெரிகாட்டனுக்கு, 'சுரீர்' என்றால் நூலுக்கு. அந்தக் காது எனக்குக் கடைசி வரை வரவில்லை. கஞ்சி போட்ட நூல் சேலைக்குத்தான் சூடு அதிகம் வேண்டும், நேரமும் அதிகம் பிடிக்கும். தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, ஈரம் பரவிய பிறகு தேய்த்தால்தான் மடிப்பு நிற்கும்.

நான் ஒழுங்காக ஞாயிறு மாலையே ஏழையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்ததில்லை. முந்தின நாள் தேய்த்த சேலைக்கும் காலையில் தேய்த்த சேலைக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று எனக்கு ஓர் எண்ணம். காலை எட்டரைக்கு அன்றைய சேலையோடு ஓடுவேன். ஒன்பதே காலுக்கு பஸ். "இன்னாம்மா, இன்னிக்கும் அர்ஜென்டா?" என்பார். அவர் நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வை துணியில் விழாதபடி, தலையைச் சற்றுத் திருப்பியபடியே தேய்க்கும் ஒரு பழக்கம் அவருக்கு. அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்து மணிக்கு அந்தச் சேலை மொடமொடவென்று நிற்கும். கௌரவம் என்றால் அதுதான் என்று அப்போது நினைத்தேன். பதினொன்றரைக்கு வாழைச் சருகு மாதிரி ஆகிவிடும். காட்பாடி - பாகாயம் டவுன் பஸ்ஸில் நின்றபடி வந்தால் பத்து மணிக்கே ஆகிவிடும். கிளையில் என்னைவிட மூத்த ஒரு அக்கா, பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். சேலையின் பின்புறம் கசங்கிவிடும் என்று கடைசி வரை நின்றேதான் வந்தார். அவருக்கு வெரிகோஸ் நரம்பு வந்ததற்கு இது காரணமா என்று டாக்டர்கள் சொல்லட்டும். நான் சந்தேகப்படுகிறேன்.

கிளையில் ஃபேன் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஏழு ஃபேன். அதில் எதையும் இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. மேஜை முழுக்க வவுச்சர், சலான், கார்பன் தாள். மூன்றில் வைத்தால் வேலூர்க் கோட்டை அகழி வரை பறந்துவிடும். எல்லா மேஜையிலும் கண்ணாடிக் குண்டு வைத்து அமுக்கியிருப்போம். அப்படியும் நாளுக்கு ஒரு சலான் காணாமல் போகும். கேஷ் கேபின் இன்னும் மோசம். கம்பி வலை அடித்த கூண்டு, உள்ளிருந்து தாழ்ப்பாள். நோட்டுக் கட்டு பிரித்து எண்ணும்போது ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மாதத்தில் ஒரு வாரம் என் முறை வரும். கூண்டுக்குள் பத்திலிருந்து இரண்டு வரை. நோட்டில் கை வியர்வை பட்டு ஈரமாகும். ஈர நோட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் எண்ணிக்கை தப்பும். தப்பினால் சாயங்காலம் கைக்காசு போகும். அந்த வாரம் முழுக்க முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கைக்குட்டையை விரித்து வைத்துக்கொண்டுதான் வேலை. பேரேட்டில் எழுதும்போதும் அதே கைக்குட்டை. இல்லாவிட்டால் ஒருவர் கணக்கின் இருப்பில் என் முழங்கை வியர்வை பட்டு மை கலங்கிவிடும்.

ஆண்கள் பாடு கொஞ்சம் தேவலை என்று நினைப்பேன். அதுவும் சரியில்லை. அப்போது ஆபீஸ் ஆண்கள் பாதிப் பேர் வெளிர்நீலச் சட்டைதான் போடுவார்கள். வியர்வையைக் காட்டிக்கொடுப்பதில் வெளிர்நீலமும் சாம்பலும் போல வேறு நிறம் கிடையாது. பதினொரு மணிக்கு ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு தேசப்படம் எழுந்துவிடும். உள்ளே திருப்பூர் பனியன் போட்டவருக்குப் படம் வர ஒரு மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். வெயிலில் ஏன் இரண்டு துணி என்று சிரித்த ஒரு இளைஞர், ஒரே வாரத்தில் பனியனுக்கு மாறினார். மேனேஜர் சபாரி சூட். நல்ல கனமான பாலியஸ்டர். அவர் அறையில் மட்டும் மேஜை ஃபேன் தனியாக உண்டு. இருந்தும் பிற்பகலில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது, முதுகும் ரெக்சினும் பிரியும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம்.

பெண்களுக்குள் இதெல்லாம் ஒரு தனிப் பாடம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த நின்று வரும் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ரவிக்கைக்கு டூ பை டூ தவிர வேறு துணி எடுக்காதே. அக்குளில் பழைய வேட்டியை இலை வடிவில் வெட்டி, இரண்டு மடிப்பாக உள்ளே வைத்துத் தைக்கச் சொல். டெய்லரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டில் கையாலேயே தைத்துக்கொள். சின்னச் சின்னப் பூ போட்ட துணியில் வியர்வை தெரியாது, மொட்டை நிறத்தில் தெரியும். உள்பாவாடை நாடாவைத் தினமும் ஒரே இடத்தில் இறுக்காதே, ஒரு விரல் மேலே, மறுநாள் ஒரு விரல் கீழே. வேர்க்குருவுக்குப் பவுடரைவிட நுங்குத் தண்ணீர் மேல். இதையெல்லாம் எந்த டிரெய்னிங் காலேஜிலும் சொல்லித்தரவில்லை. அங்கே 'நீட்டாக டிரெஸ் பண்ணிக்கொண்டு வாருங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மே மாதத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்தது. சம்பளம் கையில் இருந்தது. பதினொன்றரை மணிச் சருகாக நிற்கச் சலிப்பாகவும் இருந்தது. அப்போது விளம்பரங்களில் கலக்கிக்கொண்டிருந்த மில் சேலைகளில் ஒன்று வாங்கினேன். பாலியஸ்டர். தண்ணீர்ப் பச்சையில் வெள்ளைக் கோடு. கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், உதறிக் கட்டினால் போதும். அம்மா ஒரு முனையை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வழுக்குது" என்று மட்டும் சொன்னாள்.

கட்டிக்கொண்டு போன அன்று காலை வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். பதினொரு மணிக்கு கரண்ட் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு என் கால்களுக்கு நடுவே தண்ணீர் ஓடுவது எனக்கே தெரிந்தது. துணி அதில் ஒரு சொட்டைக்கூட வாங்கவில்லை. இதன் கணக்கைப் பிறகு படித்தேன். நூறு கிராம் பருத்தி, சாதாரணக் காற்றிலேயே சுமார் எட்டரை கிராம் ஈரத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராமைக்கூடத் தொடாது. வியர்வையை வாங்கிக்கொள்ளவும் மாட்டேன், காற்றை விடவும் மாட்டேன் என்று அன்று அது என்னைச் சுற்றிக்கொண்டு நின்றது. டோக்கன் நம்பர் கூப்பிட எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

விழித்தபோது வாடிக்கையாளர் பெஞ்சில் படுத்திருந்தேன். யாரோ கோலி சோடாவைத் தலையில் ஊற்றிவிட்டுக் குடிக்கவும் கொடுத்தார்கள். பக்கத்தில் மாதா மாதம் குடும்பப் பென்ஷன் வாங்க வரும் பாட்டி உட்கார்ந்து, தன் பனையோலை விசிறியால் எனக்கு வீசிக்கொண்டிருந்தார். என் முந்தானையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்னா பாப்பா இது, பிளாஸ்டிக் கவரச் சுத்திகினு வந்துகிறே? நூலு கட்டிகினு வா. கசங்கினா கசங்கட்டும், யாரு உன்ன இன்னா சொல்லப் போறாங்க?" என்றார். அந்தத் தண்ணீர்ப் பச்சைச் சேலை பிறகு எங்கள் வீட்டில் மெத்தை உறையாக ரொம்ப நாள் உழைத்தது. கசங்கவே இல்லை.

1992 வாக்கில் எங்கள் கிளைக்கு கம்ப்யூட்டர் வந்தது. பேரேட்டு வேலையை மட்டும் செய்யும் பெரிய பெட்டி. ஏ.எல்.பி.எம். என்பார்கள். அதற்காகக் கிளையின் ஒரு மூலையைக் கண்ணாடியால் அடைத்து, ஜன்னலில் ஏ.சி. மாட்டினார்கள். தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விட வேண்டும். வெயிலும் ஆகாதாம். அந்த ஊரில் அந்த வேலையை வருஷக்கணக்காகக் கையால் செய்து வந்த பதினாறு பேருக்கு வெயில் ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை. பெட்டி வந்த மூன்றாம் நாள் அதற்கு ஏ.சி. வந்துவிட்டது. எங்கள் யூனியன் செயலாளர் இதை ஒரு கூட்டத்தில் பேசிக் கைத்தட்டல் வாங்கினார். மறுநாள் காலை அவரே ஒரு கட்டு வவுச்சரோடு 'ஒரு சந்தேகம்' கேட்க அந்த அறைக்குள் போனார். எல்லோருக்கும் சந்தேகம் வர ஆரம்பித்தது. மேனேஜர் மாதாந்திரக் கூட்டத்தையே அங்கே நின்றபடி நடத்தினார். வாசலில் பதினாறு ஜோடிச் செருப்பு. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த அறை வந்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள் ஒரு மே மாதம், தேய்ப்புக்கார அண்ணன் எங்கள் கிளைக்கு வந்தார். மகன் பேரில் பணம் சேர்க்க ஒரு கணக்கு. அப்போதெல்லாம் புதிதாகக் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு இருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடுவதாகச் சொல்லித்தான் வரச் சொல்லியிருந்தேன். வந்தவரை எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. லுங்கிக்குப் பதில் வேட்டி. மேலே முழுக்கைச் சட்டை, பழுப்பு நிற டெரிகாட்டன். கழுத்துப் பொத்தான் வரை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானும் போட்டிருந்தார். பகல் பன்னிரண்டு. செருப்பை வங்கி வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சிமென்ட் தரை கொதித்துக்கொண்டிருந்தது.

கிட்டே வந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டை. நெஞ்சின் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாகச் சிலுவை போல மடிப்பு விழுந்திருந்தது. முதுகிலும் அதே. ஊரெல்லாம் இவர் தேய்த்த சட்டையில் போகிறது. சற்று முன்னால் எனக்கு எதிரே நின்ற வக்கீலின் வெள்ளைச் சட்டையும் இவர் தேய்த்ததுதான். இவர் சட்டை இஸ்திரிப் பெட்டியையே பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினேன். போடும்போது அதே பழக்கம், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார், தாளில் வியர்வை விழக்கூடாதே என்று.

அன்று மாலை அவர் மனைவியிடம் கேட்டேன், அண்ணன் ஏன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், சாதாரணமாகவே வந்திருக்கலாமே என்று. "பேங்காச்சே" என்றார். அது கல்யாணத்துக்குத் தைத்த சட்டையாம். தேய்த்துப் போட்டிருக்கலாமே என்றேன். அவர் சிரித்துவிட்டார். "காலங்காத்தால நாலு மணிலேர்ந்து பெட்டியப் புடிக்கிறாரு. தனக்கு வேற புடிப்பாரா?"

நாலு மணி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கத்திரி வந்தால் விடியலுக்கு முன்னால் கரி பற்றவைத்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவதுதான் அவர்கள் வழக்கமாம். குடியாத்தத்தில் பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்களின் அதே கணக்கு. ஆனால் எட்டு மணிக்கு மேல் அர்ஜென்ட்காரர்கள் வருவதால் பத்தரை, பதினொன்று வரை அடுப்பை அணைக்க முடிவதில்லை. "உன்ன மாதிரி ஆபீஸ்காரங்கதாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வெயில் காலத்தில் ஆபீஸ் உடை எப்படி இருக்க வேண்டும் என்று இதுவரை யார் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். வக்கீல்களுக்குக் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் அதில் சேராது. வேலூர் வக்கீல்களில் பலர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவும் இல்லை. கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டுதான் எங்கள் கவுன்டருக்கு வருவார்கள். கோட்டு இல்லாவிட்டால் கட்சிக்காரன் மதிக்க மாட்டான் என்பார்கள். ஜப்பானில் 2005-ல் அரசாங்கமே முன்நின்று, கோடையில் டையைக் கழற்றுங்கள், ஏ.சி.யை 28-ல் வையுங்கள் என்றது. அமைச்சர்கள் டை இல்லாமல் வந்து காட்டினார்கள். 2019-ல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு ஓர் உடை ஆணை போட்டது. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டை, பேன்ட் அல்லது வேட்டி. வேட்டி என்ற ஒரு வார்த்தை அதில் இருந்ததற்காக அந்த ஆணையைப் பாராட்டுகிறேன். இந்த வெயிலுக்கு நம்மிடம் இருக்கும் உடுப்புகளில் அதைவிட அறிவுள்ளது இன்னொன்று இல்லை. ஆனால் அதற்கப்புறமும் எந்த அலுவலகத்திலும் வேட்டி கட்டிய இளைஞரை நான் அதிகம் பார்க்கவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் மட்டும் கட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கிளையில் சேலை என்று எழுதிய விதி எதுவும் கிடையாது. இருந்தாலும் 1990-களின் நடுவில் முதன்முதலாகச் சுடிதாரில் வந்த பெண்ணை மேனேஜர் உள்ளே கூப்பிட்டு, "வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். அவள் வெளியே வந்து என்னிடம் கேட்டாள். நான் பென்ஷன் பாட்டியைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணு டிரெஸ் எப்படி என்றேன். "காத்தோட்டமாக் கீது" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. நானும் மறு வருஷம் கோடையில் மாறினேன். 31 வயதில், கடைசி வரை ஒரு கால் பின்னால் இழுக்க இழுக்கத்தான் மாறினேன். பருத்திச் சுடிதாருக்குக் கஞ்சியும் வேண்டாம், அத்தனை சூட்டில் இஸ்திரியும் வேண்டாம்.

2003 மே 31 அன்று ஒரு டிரெய்னிங் முடிந்து சென்னையில் இருந்தேன். நிறைவு விழா என்பதால் பட்டு கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றுதான் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னை அதுவரை காணாத வெயில். வழக்கமாகச் சென்னையில் நமக்கு வேதனை சூடு அல்ல, புழுக்கம்தான். வியர்வை காயாது. அன்று எங்கள் ஊர் மாதிரி வறட்டு அனல் அடித்தது. சென்னைக்காரர்கள் எல்லோரும் சுருண்டு கிடக்க, பட்டுச் சேலையில் இருந்த வேலூர்க்காரி நான் மட்டும் தண்ணீர் பாட்டிலோடு நடமாடிக்கொண்டிருந்தேன். இதில் பெருமை வேறு.

பிறகு ஏ.சி. எங்கும் வந்துவிட்டது. கவுன்டருக்கும் வந்தது. கதை அப்படியே திரும்பியது. நாற்பது டிகிரியில் வந்து இருபது டிகிரியில் உட்கார்ந்தோம். என் மேஜை டிராயரில் கைக்குட்டை இருந்த இடத்துக்குச் சால்வை வந்தது. ரிமோட்டுக்காகத் தினமும் சண்டை. ஆண்கள் குறைப்பார்கள், பெண்கள் கூட்டுவோம். இதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். கட்டடங்களுக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்ற கணக்கு 1960-களில் போட்டது, அதுவும் நாற்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணை வைத்துப் போட்டது என்றார்கள். எங்கள் பழைய மேனேஜரின் அளவு கிட்டத்தட்ட அதுதான். சபாரி சூட்டோடு.

நான் 2024-ல் ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று அம்மாவின் நூல் சேலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. ஏழில் இரண்டு மிச்சம். அம்மா இல்லை. வடிகஞ்சியும் இல்லை. இப்போது குக்கர்தான். ஒரு பிடி ஜவ்வரிசியைக் காய்ச்சி நானே இரண்டு பதத்தில் முக்கினேன். மறுமுனையைப் பிடித்துக்கொள்ள மகளை வீடியோ காலில் கூப்பிட முடியாது. கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்தேன். மடிப்பு கொஞ்சம் கோணல்.

வேப்பமரத்தடி வண்டியில் இப்போது அவர் மகன். கரிப் பெட்டி போய் காஸ் பெட்டி வந்திருக்கிறது. பக்கத்தில் சிவப்பு சிலிண்டர். கரிப் புகை இல்லை. பெட்டியின் சூடு அதே சூடு, மே மாதமும் அதே மே மாதம். முந்தின நாள் சாயங்காலமே சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "காலையிலதானேம்மா ஆபீஸ்? அப்பா சொல்வாரு, நீங்க எப்பவும் எட்டரைக்குத்தான் வருவீங்கன்னு" என்றான்.

வெயில் காலத்தில் தேய்க்கத் துணி கொடுக்கிறவர்கள் முந்தின நாள் ராத்திரியே கொடுத்துவிடுங்கள். எட்டரை மணிக்குப் போய் நிற்காதீர்கள். எட்டு மணிக்குள் அவனால் அடுப்பை அணைத்துவிட முடியும், நான் கேட்டுவிட்டேன்.